பொன்னியின் செல்வன் 2: கரிகாலனைக் கொன்றது யார்? நாவல் வாசகர்களுக்கு முடிவு பிடிக்காமல் போனது ஏன்?

'பொன்னியின் செல்வன் 2' முடிந்து தியேட்டரில் லைட் போட்டதும் இரண்டு விதமான கேள்விகள் எழுந்தன. நாவலைப் படிக்காதவர்கள், "அப்போ கரிகாலனைக் கொன்னது நந்தினி இல்லையா?" என்று கேட்டார்கள். படித்தவர்கள், "மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதனுக்கு ஏன் முடிசூட்டலை?" என்றார்கள். ஒரே படம்தான். ஆனால் இரு தரப்பினரும் பார்த்துவிட்டு வந்தது வெவ்வேறு கதைகள் போல இருந்தது.

படம் வெளியாகி ஆண்டுகள் ஆகியும் இந்தப் பேச்சு ஓயவில்லை. டிவியில் போடும்போதெல்லாம் மறுபடி கிளம்புகிறது. இதில் மணிரத்னம் செய்தது எவ்வளவு, கல்கி விட்டுப்போனது எவ்வளவு, வரலாறே சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு?

(படத்தின் முடிவும் நாவலின் முடிவும் இந்தக் கட்டுரையில் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

படத்தில் என்ன நடக்கிறது?

முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ம் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ம் தேதியும் திரைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம். கல்கியின் நாவலோ ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். அப்படியே எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் சண்டை.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சி, இரண்டாம் பாகத்தில் அதிகம் பாராட்டப்பட்ட காட்சி. விக்ரம், ஐஸ்வர்யா ராய் இருவருக்கும் இதற்காகவே கைதட்டல் கிடைத்தது. குறுவாள் நந்தினியிடம் இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் சாவைத் தேடிப் போவது கரிகாலன்தான். வீரபாண்டியனின் தலையை வெட்டிய குற்றவுணர்ச்சியும், இழந்த காதலும் சேர்ந்து அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றன. சின்ன வயது காதலைக் காட்டும் தொடக்கப் பகுதி இந்தக் காட்சிக்காகவே வைக்கப்பட்டது போல இருக்கிறது. நாவலைப் புரட்டிப் பார்க்காதவர்களுக்கு இது முழுமையான ஒரு சோகக் காதல் கதை. அவர்களில் பலருக்கு முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் மனதுக்கு நெருக்கமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அதன்பிறகு படம் வேகமெடுக்கிறது. நாவலில் இல்லாத ஒரு போர் கடைசியில் வருகிறது. அருண்மொழி தனக்கு வரவேண்டிய மணிமுடியை மதுராந்தகனுக்குச் சூட்டுகிறான். படம் முடிகிறது.

நாவலில் என்ன நடக்கிறது?

கல்கி கதையில் அந்த அறை இருட்டு. உள்ளே நந்தினி இருக்கிறாள், மணிமேகலை இருக்கிறாள், வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் வருகிறார்கள், மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையரும் வருகிறார். கரிகாலன் விழுகிறான். யார் கையால் என்பது கடைசிவரை நூறு சதவீதம் தெளிவாகாது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். பெரிய பழுவேட்டரையர் "நான்தான்" என்கிறார். துப்பறியும் கதை போல ஒரு ஆளைக் கைகாட்டி முடிக்காமல், ஒவ்வொருவர் வாக்குமூலத்துக்கும் ஒரு காரணம் கொடுத்து வைத்திருக்கிறார் கல்கி.

மணிமுடி விஷயத்திலும் நாவலின் திருப்பம் வேறு. மதுராந்தகன் என்று ஊரே நம்பும் ஆள், செம்பியன் மாதேவியின் பிள்ளையே இல்லை. பூக்கட்டி கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான வாரிசு. அவனுக்கு அருண்மொழி முடிசூட்டுகிறான். ஓடக்காரப் பெண் பூங்குழலி அவனை மணந்து பட்டத்தரசி ஆகிறாள். படத்தில் இந்த மாறாட்டமே இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகனே அரசனாகிறான். பூங்குழலிக்கு நாவல் கொடுத்த அந்தஸ்து கிடைக்கவில்லை.

மணிமேகலை படத்தில் அறவே இல்லை. நாவலைப் படித்தவர்களுக்கு வலித்த இடம் இது. காரணம் எளிது: ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயமே அவளுடைய சாவுதான். வந்தியத்தேவன் மேல் வைத்திருந்த அன்போடு அவன் மடியில் உயிர்விடுகிறாள். அந்த அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'மலர் உதிர்ந்தது'. அரியணை, சதி, போர் எல்லாம் முடிந்தபிறகு, யாருடைய கணக்கிலும் வராத ஒரு பெண்ணைக் காட்டி நாவல் முடிகிறது. படத்தின் கடைசி நிமிடங்களில் முடிசூட்டு விழா. கதையின் மொத்த எடையும் வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது. வாசகர்கள் 'கேரக்டரை கட் பண்ணிட்டாங்க' என்று சொல்வதன் உள்ளர்த்தம் இதுதான்.

இயக்குநர் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆள்மாறாட்டம், பிறந்தபோதே குழந்தையை மாற்றி வைப்பது, இரட்டையர் ரகசியம் எல்லாம் வாரப் பத்திரிகைத் தொடருக்கு நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சு வேண்டும். திரையில் ஐந்தாவது முடிச்சு அவிழும்போது பார்வையாளர் சிரித்துவிடக்கூடும். அதற்குப் பயந்தோ என்னவோ, மணிரத்னமும் எழுத்தாளர்கள் ஜெயமோகன், இளங்கோ குமரவேலும் கரிகாலன்–நந்தினி கதையை நடுத்தூணாக வைத்து மற்றதைச் சுருக்கிவிட்டார்கள்.

1954-லேயே வந்த புகார்

முடிவு பிடிக்கவில்லை என்று சொன்ன முதல் ஆட்கள் 2023-ன் சினிமா ரசிகர்கள் கிடையாது.

'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வந்தது. மணியம் படம் வரைந்தார். வாரா வாரம் காத்திருந்து படித்த வாசகர்கள், கதை முடிந்ததும் கல்கிக்குக் கடிதம் எழுதினார்கள். பாராட்டு மட்டும் இல்லை. 'இப்படி திடீரென்று முடித்துவிட்டீர்களே' என்ற வருத்தமும் வந்தது. குந்தவை–வந்தியத்தேவன் கல்யாணம் நடந்ததா, பாண்டிய நாட்டுச் சதிகாரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள்.

கல்கி அதற்கு ஒரு முடிவுரை எழுதினார். இன்று புத்தகமாகக் கிடைக்கும் பதிப்புகளில் கடைசியில் இருக்கும். பலர் படிக்காமல் விடும் பக்கங்கள் அவை. சமூக நாவலை 'அப்புறம் எல்லோரும் சுகமாக இருந்தார்கள்' என்று முடித்துவிடலாம், சரித்திர நாவலில் அது நடக்காது, ஏனென்றால் அந்த மனிதர்களின் வாழ்க்கை வரலாற்றில் தொடர்ந்து போகிறது என்பது அவர் வாதம். அதோடு நிற்காமல் வாசகர்களின் கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதிலும் சொன்னார். மேற்கொண்டு நடந்ததை வேறு எழுத்தாளர்கள் எழுதட்டும் என்றும் வழிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அவர் காலமானார்.

வழிவிட்டது வீண்போகவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். அதாவது, படம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தக் கதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் இருந்தன.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

நாவலும் படமும் தடுமாறும் இந்த இடத்தில் வரலாறும் தடுமாறுகிறது.

ஆதித்த கரிகாலன் கற்பனைப் பாத்திரம் இல்லை. சுந்தர சோழனின் மூத்த மகன். சேவூர்ப் போரில் பாண்டியனை வென்று 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டத்தோடு கல்வெட்டுகளில் வருகிறான். 970-ஐ ஒட்டிய காலத்தில் கொல்லப்பட்டான். கொலை எப்படி நடந்தது, எங்கே நடந்தது என்று சொல்லும் சமகாலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கடம்பூர் மாளிகை கல்கியின் கற்பனை.

கிடைத்திருக்கும் முக்கியச் சான்று, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிசோழ பிரம்மாதிராஜன். ஆமாம், படத்தில் கிஷோர் நடித்த அந்த ரவிதாசன். கல்கி அந்தப் பெயரைக் கல்வெட்டிலிருந்துதான் எடுத்தார்.

'பிரம்மாதிராஜன்' அரசு கொடுக்கும் உயர்பட்டம். 'பஞ்சவன்' என்றால் பாண்டியன். 'இருமுடிசோழன்' சோழப் பெயர். ஆக, அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே ஒருவர் பட்டம் பாண்டியனை நினைவுபடுத்துகிறது, இன்னொருவர் பட்டம் சோழனை. பாண்டிய விசுவாசிகள் பழி தீர்த்தார்களா, சோழ நிர்வாகத்துக்குள்ளேயே இருந்த அதிகாரிகள் வேறு யாருக்காகவோ செய்தார்களா என்ற விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. கல்வெட்டு கொலைக் கதையைச் சொல்ல வெட்டப்பட்டதும் அல்ல. அது அந்த ஆட்களின், அவர்களது உறவினர்களின் சொத்து பறிமுதல் தொடர்பான நில ஆவணம்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, அரியணை மேல் ஆசைப்பட்ட உத்தம சோழன் மேல், அதாவது படத்தின் மதுராந்தகன் மேல் சந்தேகப்பட்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பன் அரசாள விரும்பியவரை அருண்மொழி தனக்கு அரியணை வேண்டாம் என்று இருந்ததாகச் சொல்கிறது. அதே அருண்மொழி தன் மகனுக்கு இட்ட பெயர் மதுராந்தகன். அவன்தான் பின்னாளில் ராஜேந்திர சோழன். அண்ணனைக் கொன்றவன் பெயரை மகனுக்கு வைப்பார்களா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நல்ல பதில் சொல்லவில்லை.

தென்மாவட்டத்தில் இருந்து பார்த்தால்

சென்னையிலோ தஞ்சாவூரிலோ உட்கார்ந்து பார்க்கும்போது இது சோழர் கதை. தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருந்து பார்த்தால் கதை கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. இது பழைய பாண்டிய நாடு. படத்தில் முகத்தை மூடிக்கொண்டு காட்டுக்குள் சபதம் எடுக்கும் ஆபத்துதவிகள், இந்தப் பக்கத்து ஆட்கள். தங்கள் அரசன் தலையை வெட்டியவனைத் தேடி வருகிறார்கள்.

பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் இதே வீரபாண்டியனுக்கு 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம். அதாவது இரண்டு பக்கமும் தலை எடுத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் அதைப் பெருமையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நமக்கு ஒரு பக்கம் மட்டும் கதாநாயகன் ஆனதற்குக் காரணம், கடைசியில் ஜெயித்தது அந்தப் பக்கம். ராஜேந்திரன் காலத்தில் 'சோழபாண்டியன்' என்ற பட்டத்தோடு சோழ இளவரசர்களே மதுரையில் இருந்து இந்தப் பகுதியை ஆண்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாவலில் ஒரு மறைமுகத் தொடர்பும் உண்டு. நந்தினி பாண்டிய நாட்டில் ஆழ்வார்க்கடியான் வீட்டில் தங்கையாக வளர்ந்தவள். அவள் இன்னொரு ஆண்டாள் ஆவாள், இரண்டு பேருமாக ஊர் ஊராகப் போய்ப் பாசுரம் பாடலாம் என்பது அவன் கண்ட கனவு. ஆண்டாள் ஆகியிருக்க வேண்டியவள் கையில் குறுவாள் வந்ததற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது, ஒரு வெட்டப்பட்ட தலை இருக்கிறது. படம் அவளது காதலை விரிவாகச் சொன்னது. இந்தப் பின்னணியை அவ்வளவாகத் தொடவில்லை. ஜெயராம் நடித்த நம்பி நன்றாகச் சிரிக்க வைத்தார், ஆனால் அண்ணனாக அவருக்கு இருந்த துக்கம் திரைக்கு வரவில்லை. மணிமேகலையைவிட இதுவே பெரிய இழப்பு என்றுகூடச் சொல்லலாம்.

பாகுபலிக்கு ஏன் இந்தச் சண்டை வரவில்லை?

தற்செயல்தான், ஆனால் 'பாகுபலி 2' வெளியானதும் ஏப்ரல் 28-தான், 2017-ல். 2015-ல் முதல் பாகம் முடிந்த இடத்தில் நாடே ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போனது: கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்? இரண்டு வருடம் மீம் போட்டு, பந்தயம் கட்டி, இரண்டாம் பாகத்தில் பதில் கிடைத்தது. சிவகாமி தேவியின் ஆணை. கேள்வி தீர்ந்தது, ரசிகர்கள் திருப்தி.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பாகுபலியில் பதில் ராஜமௌலி குழுவுக்கு மட்டும்தான் தெரியும். பொன்னியின் செல்வனில் பாதி அரங்குக்கு கதை முன்பே தெரியும். அப்பா படித்தது, அம்மா பைண்ட் செய்து வைத்தது, நூலகத்தில் மூன்றாம் பாகம் மட்டும் கிடைக்காமல் தேடியது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. அவர்கள் பதிலைத் தெரிந்துகொள்ள வரவில்லை, சரிபார்க்க வந்தார்கள். மனதில் எழுபது ஆண்டுகளாக ஓடிய படத்தோடு எந்தப் படமும் போட்டி போட வேண்டியிருக்கிறது. எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியிலேயே இந்தக் கதையை எடுக்க முயன்று கைவிட்டார் என்பதையும் நினைத்துக்கொண்டால், அந்தப் போட்டி எவ்வளவு பழையது என்று புரியும்.

உலக சினிமாவில் இதற்கு நெருக்கமான உதாரணம் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. டோல்கினின் நாவல் 1954, 55-ல் வெளியானது, கிட்டத்தட்ட கல்கி தொடர் முடிந்த அதே காலம். பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்றாவது, கடைசிப் படம் 'தி ரிட்டர்ன் ஆஃப் த கிங்' 2003 டிசம்பரில் வந்தது. 11 ஆஸ்கருக்குப் பரிந்துரை, பதினொன்றும் கிடைத்தது. அவ்வளவு வெற்றிக்கு நடுவிலும் இரண்டு புகார்கள் இன்றுவரை உண்டு. ஒன்று, படம் முடிந்தது என்று எழுந்தால் இன்னொரு காட்சி, அதுவும் முடிந்தது என்றால் இன்னொன்று. எத்தனை முடிவுதான் வைப்பது? இன்னொன்று, நாவல் வாசகர்களுடையது. போர் முடிந்து ஊர் திரும்பும் நாயகர்கள், தங்கள் கிராமமே சீரழிந்து கிடப்பதைப் பார்த்து மறுபடி போராடும் பகுதியைப் படம் அடியோடு விட்டுவிட்டது. ஜெயித்து வந்தாலும் வீடு பழையபடி இருக்காது என்பது டோல்கின் சொல்ல வந்த விஷயம். அது திரையில் இல்லை. சாருமான் என்ற மந்திரவாதியின் முடிவும் தியேட்டர் பதிப்பில் வெட்டப்பட்டு, பிறகு வந்த நீண்ட பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அந்தப் பாத்திரத்தில் நடித்த கிறிஸ்டோபர் லீ இதில் வருத்தப்பட்டது அப்போதே செய்தியானது.

மணிமேகலை இல்லாத பொன்னியின் செல்வன் வாசகர்களுக்கு அந்தக் கிராமம் இல்லாத படம் மாதிரிதான்.

வசூல் என்ன சொல்கிறது?

முதல் பாகம் உலக அளவில் 450 கோடி ரூபாய்க்கு மேலும், இரண்டாம் பாகம் 300 கோடிக்கு மேலும் வசூலித்ததாக சினிமா வர்த்தக வட்டாரம் சொல்கிறது. முதல் பாகத்துக்கு தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு என்று நான்கு கிடைத்தன. இரண்டாம் பாகத்தின் வசூல் குறைந்ததற்கு முடிவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. முதல் பாகத்துக்குக் குடும்பம் குடும்பமாக, தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் திருவிழா மனநிலை ஏழு மாதத்தில் இரண்டாவது முறை வராது.

நாவலின் முடிவைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இரண்டாயிரம் பக்கத்தையும் உடனே படித்தாக வேண்டும் என்பதில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாம் பாகம் 'தியாக சிகரம்' என்று தேடினால் போதும். படத்தில் பார்த்த கடம்பூர்க் காட்சி நான்காம் பாகத்தின் கடைசியை ஒட்டி வரும். அங்கிருந்து தொடங்கலாம். 'மலர் உதிர்ந்தது' முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடாமல், அடுத்து வரும் முடிவுரையையும் படித்துவிடுங்கள். கோபமாகக் கடிதம் எழுதிய 1954 வாசகர்களுக்கான பதில் அதில்தான் இருக்கிறது.